ஆறும் பெருவழியும் ஊரை நகரமாக்குவது எப்படி? கொங்கு நாட்டை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரை நகரம் ஏன் வளர்ந்தது என்று கேட்டால் துறைமுகம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். உள்நாட்டு நகரத்துக்கு அப்படி முடியாது. மழை குறைவான மேட்டு நிலத்தில், கடலை விட்டுத் தள்ளி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று வரிசையாக இத்தனை பெரிய ஊர்கள் எப்படி வந்தன என்று பலரும் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்தவரை அவற்றுக்கான பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ஏன் கொங்கு நாடு? தஞ்சாவூர், மதுரை எல்லாம் ஆற்றங்கரை நகரங்கள்தானே?

ஆமாம். ஆனால் தஞ்சாவூரில் ஆறு செய்த வேலை நெல் விளைவித்தது. விளைச்சல் பெருகியது, அரசு வந்தது, கோயில் வந்தது, நகரம் வந்தது. அந்தக் கதை நேரானது. கொங்கில் நெல் விளைந்த நிலம் கொஞ்சம்தான், பெரும்பகுதி மானாவாரிக் காடு. அப்படியிருந்தும் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே ரோம வெள்ளிக் காசு இங்கே குடம் குடமாக வந்து இறங்கியிருக்கிறது. விளைச்சலை மட்டும் வைத்து இதை விளக்கவே முடியாது. பாதையையும் ஆற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும், அதனால்தான் இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டேன்.

ஆறு என்றால் படகு, படகு என்றால் வணிகம். காவிரியிலும் நொய்யலிலும் சரக்குப் படகுகள் ஓடினவா?

இல்லை. நிறையப் பேர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் கங்கை, ரைன், மிசிசிப்பி என்று படித்துவிட்டு அதே கணக்கை இங்கேயும் போட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கங்கையில் பாட்னாவும் மிர்சாப்பூரும் படகுச் சரக்கால் வளர்ந்தது உண்மை. மேட்டூருக்கும் கரூருக்கும் நடுவே காவிரியைப் பாருங்கள்: பாறை, சுழல், மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் மணல். அக்கரைக்குப் போகப் பரிசல் உண்டு, நீளவாக்கில் சரக்கு ஏற்றிப்போகிற போக்குவரத்து கிடையாது. நொய்யலோ வருடத்தில் பல மாதம் காலை நனைத்துக்கொண்டே கடந்துவிடக்கூடிய ஆறு.

அப்படியானால் ஆறு என்னதான் செய்தது? சரக்கைச் சுமந்தவை மாடுகள், பொதிமாடும் வண்டிமாடும். ஒரு காளை ஒரு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும். ஐம்பது வண்டி சேர்ந்து போகிற ஒரு சாத்துக்கு நூறு காளை, அவற்றை ஓட்டுகிற ஆட்கள், காவலுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் தினமும் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கிணற்றில் இறைத்து ஊற்றிக் கட்டுபடியாகாது. அதனால் பாதை ஆற்றை ஒட்டியே போகும். ஆற்றோரம் போனால் ஏற்ற இறக்கமும் குறைவு, வைக்கோலும் கிடைக்கும், வழியும் தப்பாது. ஆற்றைக் கடந்தே ஆகவேண்டிய இடத்தில் எல்லா வண்டியும் நிற்கும். வெள்ளம் வடியும்வரை சில நாள் தங்க நேரும். தங்குகிற இடத்தில் சோறு விற்பவர் வருவார், அச்சு மாற்றித் தருகிற தச்சர் வருவார், லாடம் அடிப்பவர் வருவார், அப்புறம் கடன் கொடுப்பவர் வருவார். ஊர் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அச்சு என்றதும் நினைவுக்கு வருவதையும் சொல்லிவிடுகிறேன். புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்று (102) இருக்கிறது. உப்பு வணிகர்களான உமணர், பள்ளம் வருமோ மேடு வருமோ, யார் கண்டது என்று, வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள் என்கிறார். இன்றைய லாரியின் அடியில் தொங்குகிற ஸ்டெப்னி டயர் மாதிரிதான். மன்னனைப் புகழ வந்த இடத்தில் வண்டியின் கீழ்மரம்வரை குனிந்து பார்த்து எழுதியிருக்கிறார். உப்பு உள்நாட்டுக்குள் எப்படி வந்தது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

பாலக்காட்டுக் கணவாய் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரியாக நிற்கிறது, தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலைத் தொடர், அதில் ஆனைமுடி 2,695 மீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவே சுமார் 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்கு மலையே இல்லை. ஏறக்குறைய சமதரை. பாரம் ஏற்றிய வண்டியை மாடு மூச்சு வாங்காமல் இழுத்துப்போகலாம். மேற்குக் கடற்கரையில் முசிறித் துறைமுகம். அங்கே யவனர் (கிரேக்க, ரோம வணிகர்) கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின என்று அகநானூறு (149) சொல்கிறது. கிழக்கே காவிரிப்பூம்பட்டினம். தீபகற்பத்தின் முனையைச் சுற்றிப் போகிற கடல்வழி நீளமானது, காற்றின் தயவும் வேண்டும். நிலவழியில் குறுக்கே போக இருக்கிற சுலபமான வாசல் இது.

இனி நொய்யலைப் பாருங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கணவாயின் கிழக்கு வாசலை ஒட்டி, கோவை, சூலூர், திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரில் காவிரியில் கலக்கிறது. கணவாயில் நுழைந்தவனைத் தண்ணீரோரமாகவே கூட்டிக்கொண்டுபோய்க் காவிரிக்கரையில் விடுகிற ஆறு. இந்தச் சின்ன ஆற்றுக்கு வரலாற்றில் இவ்வளவு பெரிய இடம் கிடைத்தது அது ஓடுகிற திசையால்தான்.

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ‘இராசகேசரிப் பெருவழி’ என்று பெயர் வெட்டிய பாறைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும். சோழர் காலத்திலும் அந்த வழிக்குப் பெயர் இருந்தது, அரசின் கவனமும் இருந்தது. படைகளுக்கும் இதே வழிதான். ஹைதர் அலி 1766-இல் பாலக்காட்டில் கோட்டை கட்டியதும் இந்த வாசலைக் கையில் வைத்துக்கொள்ளத்தான்.

ரோமக் காசுகள் கிடைத்தன என்கிறீர்கள். எங்கே?

கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842-இல் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் ஐந்நூறுக்கும் மேல் ஒரே புதையலாகக் கிடைத்தன. வெள்ளலூர் நொய்யல் கரை. கரூரிலும் பக்கத்து ஊர்களிலும் கிடைத்திருக்கின்றன. மேப்பில் இந்த ஊர்களைப் புள்ளி வைத்து இணைத்துப் பாருங்கள், கணவாய், நொய்யல், காவிரி என்று பாதை தானாகத் தெரியும்.

கொடுமணல் என்கிறார்களே, அது நகரமா, கிராமமா?

இன்று அது ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் ஒரு சிற்றூர். கி.மு. நூற்றாண்டுகளில் தொழில் நகரம். 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் அகழாய்வு தொடங்கினார்கள், பிறகும் பல கட்டங்களாக நடந்தது. இரும்பு உருக்கிய உலைகள், எஃகு செய்த மூசைகள் (உலோகம் உருக்கும் மண் கிண்ணங்கள்), மணி செய்யும் பட்டறைகள் எல்லாம் வெளியே வந்தன. தேய்த்தது, தேய்க்காதது, துளை பாதி போட்டது, துளை போடும்போது உடைந்தது என்று செய்முறையின் எல்லாப் படிகளிலும் கல்மணிகள் கிடைத்ததுதான் சிறப்பு. விற்க வந்த இடமாக மட்டும் இருந்திருந்தால் முடிந்த மணிதான் கிடைத்திருக்கும். இங்கே பட்டறையின் கழிவே கிடைக்கிறது.

பச்சைக்கல் என்கிற பெரில் பக்கத்தில் காங்கயம் அருகே படியூரில் கிடைத்தது. அதே படியூரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்களும் தோண்டி எடுத்தார்கள். இரும்புக்கு வேண்டிய தாது சென்னிமலைப் பக்கம். ஆனால் சூதுபவளம் என்கிற சிவப்பு மணிக்கல் இந்த மண்ணில் இல்லை, அது குஜராத் பக்கமிருந்து வரவேண்டும். அதாவது மூலப்பொருள் தூரத்திலிருந்து வருகிறது, கைவேலை இங்கே நடக்கிறது, சரக்கு வேறெங்கோ போகிறது. பின்னலாடைத் திருப்பூர் செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தான், அதுவும் இதே ஆற்றங்கரையில் கொஞ்சம் மேற்கே.

பெயர் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன, தமிழ் பிராமி எழுத்தில். அவற்றில் சில பிராகிருதப் பெயர்கள், அதாவது வடக்கேயிருந்து வந்து தங்கியவர்கள். வணிகர் குழுவைக் குறிக்கும் ‘நிகம’ என்ற சொல்லும் ஓர் ஓட்டில் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம்’ என்று வருவது இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் வியப்பது அந்தப் பெயர்களைப் பார்த்துத்தான். ராஜா பெயர் கிடையாது, தன் பானை தொலைந்துவிடக் கூடாது என்று கீறிவைத்த சாதாரண ஆட்களின் பெயர்.

கரூர் ஏன் அவ்வளவு பெரிதானது?

வழிகள் எல்லாம் முடிச்சுப் போடுகிற இடம் அது. மேற்கிலிருந்து நொய்யல் வழி, தெற்கிலிருந்து தாராபுரம் வழியாக அமராவதி வழி, வடமேற்கிலிருந்து காவிரி. மூன்றும் கரூர்ப் பக்கத்தில் சேர்ந்து, அங்கிருந்து உறையூர் நோக்கிக் கிழக்கே இறங்குகின்றன. இப்படிப்பட்ட இடத்தைப் பிடித்தவனுக்குச் சுங்கம் தானாக வரும். சேரர் தலைநகரான வஞ்சி இந்தக் கரூரா, மேற்குக் கடற்கரையில் ஒன்றா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. தலைநகர் எதுவாக இருந்தாலும் சேரர் இங்கே இருந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அமராவதி ஆற்று மணலிலேயே மாக்கோதை என்று பெயர் பொறித்த சேரர் காசும் ரோமக் காசும் கிடைத்திருக்கின்றன.

பக்கத்தில் புகளூர் மலையில், வேலாயுதம்பாளையத்தில், சமண முனிவர்களுக்குச் செய்து கொடுத்த கற்படுக்கைகள் உண்டு. அதில் ஒன்றைச் செய்து கொடுத்தவர் ‘கருவூர் பொன்வாணிகன்’. பொன் வியாபாரம் செய்கிற ஆள் இருந்தால் அந்த ஊரில் பணம் எவ்வளவு புழங்கியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதே கரூரில்தான் 1916-இல் கரூர் வைஸ்யா வங்கியும் 1926-இல் லட்சுமி விலாஸ் வங்கியும் தொடங்கின. அந்த அளவுள்ள ஓர் ஊரில் பத்து வருட இடைவெளியில் இரண்டு வங்கிகள்! இரண்டாயிரம் ஆண்டு நேர்த்தொடர்ச்சி என்று நான் சொல்ல வரவில்லை, நடுவே எத்தனையோ ஏற்ற இறக்கம். ஆனால் நாலு பக்கத்துச் சரக்கும் வந்து சேர்கிற ஊரில் கடன் கொடுக்கல் வாங்கல் திரும்பத் திரும்ப முளைக்கும்.

சின்ன ஊர்களுக்கு நடுவே உள்ள தூரத்துக்கு ஏதாவது கணக்கு உண்டா?

மாட்டு வண்டி ஒரு நாளில் போகிற தூரம் சுமார் 20, 25 கி.மீ. கோவையிலிருந்து கரூர் சுமார் 130 கி.மீ., ஐந்தாறு நாள் பயணம். இராத்தங்கல் இடங்கள் சந்தையாக மாறின. திங்கள் ஓர் ஊர், செவ்வாய் இன்னோர் ஊர் என்று வாரச் சந்தைகள் சுற்றி வருவதும் இதனால்தான், வியாபாரி ஒருவரே வாரம் முழுக்க எல்லாச் சந்தைக்கும் போய்விடலாம். காங்கயம் காளைக்கு இவ்வளவு பேர் வந்ததும் சும்மா இல்லை. பாரம் இழுக்கிற மாட்டுக்கு இந்த வழியில் எப்போதும் தேவை இருந்தது.

ஈரோடு?

இரண்டு விஷயம். ஒன்று, 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால். பவானி ஆறு காவிரியில் கலக்கும் முன்னால் அணை கட்டித் தண்ணீரைத் திருப்பி, வளைந்து வளைந்து சுமார் 90 கி.மீ. கொண்டுபோய் நொய்யலில் சேர்த்தார்கள். மேட்டு நிலத்தில் மஞ்சளும் கரும்பும் நெல்லும் விளைந்தன. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததன் அடி வேர்களில் ஒன்று அந்த வாய்க்கால். இரண்டு, ரயில். 1862-இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன பாதை ஈரோடு வழியாகப் போனது, 1860களிலேயே திருச்சிப் பாதையும் இங்கே வந்து சேர்ந்து ஜங்ஷன் ஆனது. ஆற்றைக் கடக்கிற இடத்திலேயே ரயில் சந்திப்பும் அமைந்ததால் பக்கத்தில் இருந்த எத்தனையோ பழைய ஊர்களை ஈரோடு தாண்டிவிட்டது.

கோவை மட்டும் எப்படி எல்லாரையும் முந்தியது? பெரிய ஆறே இல்லையே?

நல்ல கேள்வி, நான் அதிகம் யோசித்ததும் இதைத்தான். நொய்யல் ஓடுகிற சில நாட்களில் தண்ணீரைப் பிடித்து வைக்க, பேரூரிலிருந்து கீழே வரிசையாகக் குளங்கள்: உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர். ஒன்று நிறைந்தால் அடுத்ததற்குப் போகும் ஏற்பாடு. ஊருக்கும் வயலுக்கும் ஓரளவுக்கு அது போதும். அதைத் தாண்டிய காட்டுக்குக் கிணறுதான். கரிசல் மண்ணில் பருத்தி விளையும், கிணற்றிலிருந்து கவலை ஏற்றம் வைத்து மாட்டால் தண்ணீர் இறைப்பார்கள்.

1888-இல் முதல் நூற்பாலை வந்தது. 1932-இல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்தது, அதன் பிறகு மில்கள் வேகமாகப் பெருகின. ஆலைக்கு வந்த அதே மின்சாரம் தோட்டத்துக் கிணற்றுக்கும் போனது. கிணறு ஆழம் ஆக ஆக மோட்டார் வேண்டும், பம்பு வேண்டும், அதை ரிப்பேர் செய்ய ஆள் வேண்டும், வார்ப்படம் ஊற்றும் பட்டறை வேண்டும். பம்ப் செட்டுக்குக் கோவை பேர்போன ஊரானது இப்படித்தான். ஆற்றில் நிறையத் தண்ணீர் ஓடியிருந்தால் இந்தத் தொழிலுக்கு இவ்வளவு தேவை வந்திருக்குமா என்பது சந்தேகம். நதி நகரத்தை வளர்க்கிறது என்று பேசும்போது, நதியின் பற்றாக்குறையும் வளர்க்கும் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இன்னொன்று, 1862-இல் போன முதல் ரயில் பாதை கோவை நகருக்குள் வரவில்லை, தெற்கே போத்தனூர் வழியாகப் போனது. 1873-இல் மேட்டுப்பாளையம் கிளைப் பாதை போட்டபோதுதான் கோவைக்கு ஸ்டேஷன் வந்தது. இன்றும் சில ரயில்கள் போத்தனூரோடு போய்விடுகின்றன. கணவாய் வாசலில் இருப்பதன் பலம் எவ்வளவு என்றால், மெயின் லைன் தள்ளிப் போனபோதும் நகரத்தின் வளர்ச்சி நிற்கவில்லை.

ரயிலும் நெடுஞ்சாலையும் வந்தபின் ஆற்றுக்கு வேலை போய்விட்டதா?

வழிகாட்டுகிற வேலை போய்விட்டது. டீசல் வண்டிக்கு ஆற்றுத் தண்ணீர் வேண்டாம். படகை நம்பியிருந்த ஊர்கள் இதில் நன்றாக அடிபட்டன. கங்கைக் கரையின் பெரிய பருத்திச் சந்தையாக இருந்த மிர்சாப்பூர், 1860களில் ரயில் வந்தபின் அந்த இடத்தைக் கான்பூருக்கு விட்டுக்கொடுத்தது. கொங்கில் அப்படி ஒரேயடியாக விழவில்லை, இங்கே ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தரைவழி. சேலம்–கொச்சி நெடுஞ்சாலை (544) அதே கணவாய்க்குள்தான் நுழைகிறது, கோவையிலிருந்து கரூர் வழியாகத் திருச்சி போகிற 81 ஏறக்குறைய பழைய திசையிலேயே போகிறது. மலை நகராதவரை வாசலும் நகராது.

இந்த வழியில் அழிந்துபோன ஊர் உண்டா?

தண்ணாயக்கன்கோட்டை. மைசூர்ப் பக்கமிருந்து கஜலட்டிக் கணவாய் வழியாகக் கீழே இறங்குகிறவர்களுக்குப் பவானிக் கரையில் காவல் ஊராக இருந்தது. கணவாய் வழி பயன்பாட்டில் இருந்தவரை அதற்கு மதிப்பு. கடைசியில் 1955-இல் முடிந்த பவானிசாகர் அணைக்குள் மூழ்கிவிட்டது. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் வருடங்களில் பழைய மாதவப்பெருமாள் கோயில் வெளியே தெரியும், சுற்று வட்டாரத்துச் சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும்.

திருப்பூரைப் பற்றிப் பேசாமல் எப்படி?

பேசத்தான் வேண்டும், வருத்தத்தோடு. பனியனில் தொடங்கி உலகச் சந்தைக்கு உடுப்பு தைக்கிற ஊராக வளர்ந்தது பெரிய சாதனை, எத்தனை மாவட்டத்து மக்களுக்கு அது சோறு போடுகிறது. ஆனால் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் போனது. பாசனத்துக்கு என்று 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை சாயத் தண்ணீரின் தொட்டியாகிவிட்டது. கீழே உள்ள விவசாயிகளின் கிணறும் தென்னையும் போயின. வழக்குப் போட்டார்கள், வருடக்கணக்கில் நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதன்பின் கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாமல் மறுசுழற்சி செய்தால்தான் ஓடலாம் என்ற நிலை வந்தது. இடையே வேலை இழந்தவர்களும் ஏழைகள்தான், நிலத்தை இழந்தவர்களும் சிறு விவசாயிகள்தான். வளர்ச்சியின் லாபம் ஓரிடத்திலும் அதன் அழுக்கு இன்னோரிடத்திலும் போய்ச் சேர ஆறு ஒரு வசதியான வழி. மேலே உள்ளவனுக்குக் கீழே நடப்பது கண்ணில் படாது. இது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

இப்போது இந்த நகரங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

குழாயில். கோவைக்குச் சிறுவாணியும் பில்லூரும், திருப்பூருக்குப் பவானியும் காவிரியும். ஊர் நொய்யலோரம் இருக்கிறது, குடிப்பது வேறு ஆற்றுத் தண்ணீர். சிறுவாணி அணை இருப்பது கேரளத்தில் என்பதால் கோடை வந்தாலே இரண்டு மாநிலப் பேச்சாகிவிடுகிறது. கணவாய்க் காற்றுகூட இப்போது தொழிலுக்கு உதவுகிறது, பல்லடம், உடுமலைப் பக்கம் நிற்கிற காற்றாலைகள் எல்லாம் அந்த இடைவெளியில் வீசும் தென்மேற்குக் காற்றை நம்பியவை.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போவது?

கொடுமணலில் பெரிதாக ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது, தோண்டிய குழிகளை மூடிவிடுவார்கள். பெருங்கற்கால ஈமக் கற்கள் மட்டும் காட்டில் நிற்கும். ஆற்றங்கரையில் நின்று கிழக்கும் மேற்கும் பார்த்துவிட்டு வரலாம். கரூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. புகளூர் மலை ஏறக் கொஞ்ச நேரம்தான், காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுடும். பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டு, பாலக்காட்டில் கோட்டை. கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் பகல் நேர ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனால், வாளையாறு தாண்டும்போது இரண்டு பக்கமும் மலை விலகி நிற்பது நன்றாகத் தெரியும். போகும்போது வலப்பக்கம் இடம் பிடியுங்கள், மலை அந்தப் பக்கம்தான் நெருக்கத்தில் வரும்.